மார்கரெட் அடுப்படி

ஜெயமேரி பொய் சொல்கிற மனுஷி இல்லை. ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டல் சமையல்கட்டில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவள், ஒரு கரண்டி எண்ணெய்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் ஃபாதரிடம் சொல்ல வேறு பாவமொன்றும் அகப்படாமல், புருஷனைக் கோபத்தில் திட்டியதையே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வருவாள். அப்பேர்ப்பட்டவள் ஆயுசுக்கும் சொன்ன உருப்படியான பொய் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் இன்றைக்குப் பித்தளைத் தகட்டில் எழுதிச் சுவரில் பதித்திருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

ஏரியைத் தாண்டிப் போகிற பஸ் ரோட்டுக்குக் கீழே, காபிச் செடிகளும் சில்வர் ஓக் மரங்களும் நிற்கிற சரிவில், ஏழு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஒரே நீளச் சுவர், ஒரே நீள ஓட்டுக்கூரை, ஏழு கதவு, ஏழு புகைபோக்கி. ஆரஞ்சுப்பள்ளம் எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை தன் கணக்கெழுதும் ரைட்டருக்கும் ஆட்களை வேலை வாங்குகிற கண்டக்டருக்கும் மருந்து கொடுக்கிறவருக்கும் ஸ்டோர்கீப்பருக்கும் என்று நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் கட்டிய லைன். இரண்டடி கனத்தில் கல்சுவர், சுண்ணாம்புக் காரை, சின்னச் சின்னக் கண்ணாடி வைத்த ஜன்னல். முன்பக்கம் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. பின்பக்கம் பார்த்தால் ஒன்றுமே கிடையாது. ஒரு முன்னறை, ஒரு உள்ளறை, அவ்வளவுதான் வீடு. துரை குளிர்காயத்தான் புகைபோக்கி வைத்தானே தவிர, அங்கே இருக்கிறவர்களும் சோறு பொங்கித் தின்பார்கள் என்று யோசிக்கவில்லை. உள்ளறையில் அடுப்பு மூட்டினால் படுக்கை, துணி, தலைமுடி எல்லாம் புகைநாற்றம் அடிக்கும்.

தொண்ணூற்று நாலில் வந்த மேனேஜர் நல்ல மனுஷர். பின்பக்கம் அவரவர் செலவில் என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள் என்று லைனுக்கு வந்து வாயால் சொல்லிவிட்டுப் போனார். காகிதம் எதுவும் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அடுத்த வாரமே அஞ்சாம் நம்பர் வீட்டுக் காளியப்பன் சேலத்திலிருந்து ஹாலோபிளாக் கல்லும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் ஏற்றிவந்து பத்தே நாளில் ஓர் அறையை எழுப்பிவிட்டார். பூச்சுகூடப் பூசவில்லை. அவர் பெண்சாதி அமுதவல்லி பதினோராம் நாள் அதில் பால் காய்ச்சினாள். பின்னாலேயே ஆறாம் நம்பரும் ஏழாம் நம்பரும் ஷீட் போட்டார்கள்.

நாலாம் நம்பர் தேவசிகாமணி மட்டும் ஒன்றும் கட்டவில்லை. எஸ்டேட் ஸ்டோர்கீப்பர், ஜெயமேரியின் புருஷன், பிடித்தால் விடாத ஆள். ஒரு மாதம் காலையும் சாயங்காலமும் வீட்டுப் பின்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“கட்டுனா அந்தக் காலத்துல இருந்தே இருந்தாப்பல இருக்கோணும் மேரி. பின்னால வந்து ஒட்டுனதுன்னு ஒருத்தன் கண்டுபிடிச்சானாலும் அது தோத்த வேலை.”

யாருக்கு வேண்டும் அந்தக் கவுரவம்? ஜெயமேரிக்கு வேண்டியது புகையில்லாத ஓர் அடுப்பு. ஆனால் அந்த மனுஷன் மூன்று வருஷம் எடுத்துக்கொண்டார். எஸ்டேட்டில் இடிந்து விழுந்த பழைய காபிக் கொட்டகையிலிருந்து மேனேஜரிடம் கேட்டு ஓடு பொறுக்கினார். முன்பக்க ஓட்டில் என்ன முத்திரை இருந்ததோ அதே முத்திரை பதித்த ஓடுதான் வேண்டும். மற்றதைத் தொடமாட்டார். துரை கல் எடுத்த அதே பள்ளத்தில் கல்லை உடைத்தார். சுண்ணாம்பைக் குழியில் ஊறப்போட்டு மாதக்கணக்கில் புளிக்கவிட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்தார். ஜன்னலுக்கு இரண்டு வருஷம் அலைந்து, இடிக்கப்போன ஒரு பழைய பங்களாவில் அதே அளவுச் சட்டத்தைப் பிடித்தார். கொத்தனார் ஸ்தனிஸ்லாஸ் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் நேராக இங்கே வந்துவிடுவார். இரண்டு பேரும் ஒரு கல்லை வைத்து, தள்ளி நின்று பார்த்து, சரியில்லை என்று எடுத்து, மறுபடி வைப்பார்கள்.

அந்த மூன்று வருஷமும் ஜெயமேரி பின்வாசலில் தார்ப்பாயைக் கட்டி, மழையிலும் பனியிலும் நனைந்த விறகோடு மல்லுக்கட்டினாள். பக்கத்து ஷீட்டுக்குக் கீழே சொகுசாகத் தோசை ஊற்றிக்கொண்டு அமுதவல்லி, “ஏனுங்க்கா, அண்ணன் தாஜ்மகாலு கட்டறாருங்களா?” என்று கேட்பாள். லைனே சிரிக்கும். ஜெயமேரி அன்றைக்கு ராத்திரி சோற்றைப் போடும்போது தட்டை ணங்கென்று வைப்பாள். ஃபாதரிடம் வாராவாரம் சொன்ன கோபம் பெரும்பாலும் இதுதான்.

தொண்ணூற்றேழு நவம்பரில் அடுப்படி முடிந்தது. ஜன்னலுக்குக் கீழே கடைசிக் கல்லை வைக்கிறதற்கு முன்னால் தேவசிகாமணி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் காகிதம் ஒன்றைப் போட்டு, மெழுகுவர்த்தியை உருக்கி மூடியை அடைத்துச் சுவருக்குள் வைத்தார். தேதியும் அவர் பேரும் ஜெயமேரி பேரும் ஸ்தனிஸ்லாஸ் பேரும் அதில் இருந்தன. எழுதியது பத்து வயசு மகள் சாரா. கல்லை மூடிப் பூசி, காரை காய்ந்து, இரண்டு மழை பெய்து பாசி பிடித்ததும், எது துரை கட்டியது எது தேவசிகாமணி கட்டியது என்று கட்டினவராலேயே சொல்ல முடியவில்லை. புதிதாக வந்த எஸ்டேட் ஆட்கள் நாலாம் நம்பருக்கு மட்டும் துரை எதற்கு அடுப்படி வைத்தான் என்று கேட்பார்கள். அப்போதெல்லாம் தேவசிகாமணி மீசைக்குள்ளே சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க ஜெயமேரிக்கும் மூன்று வருஷக் கோபம் கரைந்துபோனது. அந்த அடுப்படி நன்றாகவும் இருந்தது. புகை ஒரு பொட்டு உள்ளே நிற்காது.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அவர் நெஞ்சுவலியில் போனார். சாரா கல்யாணமாகி ஓசூரில் மாமனார் மாமியாரோடு இரண்டே அறையில் இருக்கிறாள். ஜெயமேரி ஹாஸ்டல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, நாலாம் நம்பரில் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்றாம் நம்பர்கள் ஆள் போய்ப் பூட்டிக்கிடந்தன.

கொரோனா ஓய்ந்த மறுவருஷம் லைன் கைமாறியது. சேலத்தில் கல்யாண மண்டபங்கள் வைத்திருக்கிற சேகர் என்பவர் வாங்கினார். வெளியூர் ஆட்கள் வந்து தங்குகிற பழங்கால விடுதியாக மாற்றப்போகிறாராம். இருக்கிற நாலு குடும்பத்தையும் இப்போதைக்கு யாரும் எழுப்பமாட்டார்கள், முதலில் ரிப்பேர் வேலைதான் என்றார்கள். லைன்காரர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனையோ முதலாளி மாறியாயிற்று, குடியிருக்கிறவர்கள் குடியிருந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வந்தாள் ஆஷ்லின். பழைய கட்டடங்களைச் சீர்செய்கிற ஆர்க்கிடெக்ட், முப்பது வயசு இருக்கும், நாகர்கோவில் பக்கத்துப் பெண். நல்ல பெண்தான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கல்லைத் தடவிப் பார்த்தாள், காரையைச் சுரண்டி மோந்து பார்த்தாள், ஒவ்வொரு கதவுக் கீலையும் படம் எடுத்தாள். துரை காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே காப்பாற்ற வேண்டும், பின்னால் ஒட்டினதையெல்லாம் எடுத்துவிட வேண்டும், அதற்கு ஒரு பட்டியல் போட வேண்டும் என்றாள். இந்தச் சேதி லைனில் ஒரே மணி நேரத்தில் பரவியது. பழசென்றால் நிற்கும், புதுசென்றால் இடிபடும்.

ஜெயமேரி தன் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று வருஷம் அந்த மனுஷன் கல் கல்லாக வைத்தது. இந்தப் பெண்ணின் பென்சில் ஒரு கோடு போட்டால் அது மண்ணோடு மண். அவள் அன்றைக்குச் சாயங்காலமே ஸ்தனிஸ்லாஸ் வீட்டுக்குப் போனாள். யார் கேட்டாலும் நாலாம் நம்பர் அடுப்படி துரை காலத்தது என்று சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். ஸ்தனிஸ்லாஸ் வாய்விட்டுச் சிரித்தார். தான் கட்டினதை வெள்ளைக்காரன் கட்டினதாகச் சொல்வதைவிட ஒரு கொத்தனாருக்கு வேறென்ன சர்டிபிகேட் வேண்டும் என்றார்.

மறுநாள் ஆஷ்லின் அடுப்படிக்குள் வந்து நின்றாள். அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். சுவரைத் தட்டினாள். வீட்டுச் சுவரும் அடுப்படிச் சுவரும் சேருகிற மூலையில் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தாள். பின்னால் சேர்த்த ஒட்டு எங்கேயும் தெரியவில்லை. “இது எப்போ கட்டினது ஆன்ட்டி?” என்று கேட்டாள்.

“ஊடு கட்டறப்பவே கட்டுனதுங்க கண்ணு. நாங்க ஒரு கல்லுகூட நவுத்துனதில்ல.”

அதோடு விட்டிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. அந்தப் பெண் கண்ணை விரித்துக்கொண்டு கேட்கக் கேட்க ஜெயமேரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் இங்கே இருந்த ஸ்டோர்கீப்பர் வெள்ளைக்காரக் கலப்பு என்றாள். அவர் சம்சாரம் மார்கரெட் அம்மா இந்த அடுப்பில்தான் கிறிஸ்துமஸுக்குக் கேக் சுடுவார்களாம், எஸ்டேட் பூராவும் மணக்குமாம், எங்கள் மாமியார் சொல்லுவார்கள் என்றாள். மார்கரெட் என்ற பேர் எங்கிருந்து வந்தது? ஹாஸ்டலுக்குப் போகிற குறுக்குப் பாதையில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதில் சாய்ந்து நிற்கிற ஒரு கல்லில் அந்தப் பேரை முப்பத்தோரு வருஷம் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

ஆஷ்லின் எல்லாவற்றையும் போனில் பதிவு செய்துகொண்டாள். பிறகு அதைக் காகிதத்தில் அடித்துக் கொண்டுவந்தாள், ஒவ்வொரு பக்கத்திலும் ஜெயமேரி கையெழுத்துப் போட்டாள், சாட்சியாக ஸ்தனிஸ்லாஸ் போட்டார். பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் என்று அவரையே தலைமைக் கொத்தனாராகவும் சேர்த்துக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும், மறைத்தால் நியாயம் ஆகாது. அக்கம்பக்கத்து ஷீட் அறைகளைப் பற்றி ஆஷ்லின் கேட்டபோது ஜெயமேரி கொஞ்சமும் தயங்கவில்லை. அஞ்சாம் நம்பர் தொண்ணூற்று நாலு, காளியப்பன் சொந்தக் கையால் கட்டியது. ஆறாம் நம்பர் தொண்ணூற்றஞ்சு. ஏழாம் நம்பர் முதலில் ஒன்று, இரண்டாயிரத்து மூணில் கக்கூஸ் ஒன்று. வருஷம் பிசகாமல் ஒப்பித்தாள். தாஜ்மகால் என்று சிரித்தவர்கள்தானே, இப்போது பார்க்கட்டும் என்று உள்ளே ஒரு குஷி. விஷயம் தெரிந்து அமுதவல்லி அவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள். பின்பக்கம் இரண்டு பேரும் துணி காயப்போடுகிற ஒரே கம்பியில் நடுவில் ஒரு கயிறு கட்டிப் பிரித்துவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து, ஏப்ரலில், சேகர் ஒரு வக்கீலோடு வந்து லைனுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விற்ற குடும்பத்தின் கடைசி வாரிசு சென்னையில் இருக்கிற ஒரு வயசான அம்மாள். அவர் கிரயப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை எழுதியிருக்கிறாராம். லைனில் குடியிருக்கிறவர்களில் யார் சொந்தச் செலவில் வீட்டோடு ஏதாவது சேர்த்துக் கட்டியிருக்கிறார்களோ, அவர்களும் அவர்கள் பெண்சாதி புருஷனும் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டிலேயே இருக்கலாம். அவர்கள் கட்டியதை யாரும் தொடக்கூடாது. எதுவும் கட்டாதவர்கள் காலி செய்ய வேண்டும். யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்பதற்கு எஸ்டேட்டில் கணக்கு இல்லை. கரையான் தின்றுவிட்டது. அதனால் ஆர்க்கிடெக்ட் அம்மா போட்ட பட்டியலையே வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி வக்கீல் படித்தார்.

அஞ்சாம் நம்பர், காளியப்பன், பின் அறை, தொண்ணூற்று நாலு. இருக்கலாம். ஆறாம் நம்பர் இருக்கலாம். ஏழாம் நம்பர் இருக்கலாம். நாலாம் நம்பர், தேவசிகாமணி சம்சாரம் ஜெயமேரி. கட்டடம் முழுக்கத் துரை காலத்தது, குடியிருப்பவர் எதுவும் சேர்க்கவில்லை. மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

படுபாவிகள், ஒருத்தர்கூட ஏமாற்றவில்லை. அதுதான் இதில் வயிற்றெரிச்சல். ஆளாளுக்குத் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள்.

ஜெயமேரி எழுந்து அந்த அடுப்படியைத் தன் புருஷன் கட்டினார் என்றாள். இரண்டாம் தடவையும் சொன்னாள். சேகர் கோபப்படவில்லை. மரியாதையாகவே கேட்டார்.

“ஏனுங்கம்மா, ஒரு கல்லுகூட நவுத்தலைன்னு நீங்களேதானுங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க. இப்ப வேற மாதிரி சொன்னா நான் எதைங்க நம்பறது?”

அவள் பக்கத்து வீட்டைப் பார்த்தாள். மூன்று வருஷம் தார்ப்பாயைப் பார்த்துச் சிரித்த அமுதவல்லிக்கு அது எந்த வருஷம், எந்த மாதம் என்று தெரியாதா? வக்கீல் அதற்கும் முந்திக்கொண்டார். ஒரு வீட்டுக்குப் பட்டியலைத் திறந்தால் எல்லா வீட்டுக்கும் திறக்க வேண்டும், எல்லோரும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டிவரும் என்றார். காளியப்பன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாம் நம்பர்காரர் தொண்டையைச் செருமினார். அமுதவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “எனக்கு அதெல்லாம் நெனப்பில்லைங்க” என்றாள். மூன்று மாதமாகப் பேசாதவள் ஜெயமேரியைப் பற்றி வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை அது.

ஸ்தனிஸ்லாஸிடம் போனாள். அவர் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார். “நானும் கையெழுத்துப் போட்டிருக்கறேனுங்க்கா. பொய்ச் சாட்சின்னு ஆயிப்போனா வேலையுங் கெடையாது, இந்த மலைல எவனும் என்னையக் கூப்புடவும் மாட்டான்” என்றார். அவர் பொண்ணுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. ஜெயமேரியால் அவரைத் திட்டக்கூட முடியவில்லை. அந்தக் கையெழுத்தைப் போடச் சொன்னதே அவள்தானே.

சேலத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தாள். அவர் அவளுடைய கையெழுத்தையும் சாட்சியையும் பதிவையும் பற்றிக் கேட்டுவிட்டு, உங்களுக்கு எதிராக நீங்களே நிற்கிறீர்கள் என்றார்.

கடைசியாக ஆஷ்லினிடம் பாட்டிலைப் பற்றிச் சொன்னாள். ஜன்னலுக்குக் கீழே இடமிருந்து மூன்றாவது கல். அதை எடுத்தால் உள்ளே ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும், என் மகள் கையெழுத்து இருக்கும், தேதி இருக்கும். ஒரே ஒரு கல், அவ்வளவுதான் கண்ணு.

அந்தப் பெண் குனிந்து அந்தக் கல்லை விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது, முகத்தில் தெரிந்தது. ஆனால் அதற்குள் அந்த அடுப்படியைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை பெங்களூரில் ஒரு கூட்டத்தில் வாசிக்கப்பட்டிருந்தது. அதன் படத்தைக் காட்டித்தான் சேகர் மற்ற வேலைகளுக்குப் பணம் புரட்டிக்கொண்டிருந்தார்.

“இந்தச் சுவர்ல ஆணிகூட அடிக்கக் கூடாதுன்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன் ஆன்ட்டி. கல்லை எடுக்க நானே எப்படி அனுமதி குடுக்கிறது?” என்றாள். சொல்லும்போது ஜெயமேரியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெயமேரி பூசைக்குப் போகவில்லை. வேலையாட்கள் யாரும் இல்லாத அந்தக் காலை நேரத்தில், அவர்கள் விட்டுப்போன உளியையும் சுத்தியையும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே மண்டியிட்டாள். மூன்றாவது கல். அதைச் சுற்றியிருந்த காரையைக் கொத்தினாள். உளி வழுக்கியது. மறுபடி கொத்தினாள். புளிக்கவைத்து, கடுக்காயும் வெல்லமும் போட்டு அரைத்த சுண்ணாம்பு, இருபத்தைந்து வருஷத்தில் கல்லைவிடக் கெட்டியாகியிருந்தது. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. “பாவி மனுஷா, இத்தன கெட்டியா எதுக்கய்யா கட்டுன?” என்று அந்தச் சுவரைப் பார்த்தே கேட்டாள். ஷீட் அறை என்றால் ஒரு உதையில் விழுந்திருக்கும். ஒரு மணி நேரம் அடித்தும் உள்ளங்கையளவு பள்ளம்தான் விழுந்தது. கல் அசையவில்லை.

பிறகு இன்னொன்று நடந்தது. உதிர்ந்த காரையை முந்தானையில் கூட்டி அள்ளியபோது, அதற்குள் ஒரு விரல் தடம் பதிந்த துண்டு கிடந்தது. தேவசிகாமணி காரையைக் கையால் அழுத்தித்தான் அடைப்பார், கொத்துக்கரண்டி வைக்கமாட்டார். ஜெயமேரி அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் கட்டினார் என்று காட்ட, அவர் கட்டினதையே தான் உடைக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழுதாள். உளியைத் திரும்ப அது கிடந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.

ஜூலையில் காலி செய்தாள். மலைக்குக் கீழே குப்பனூரில் ஹாஸ்டல் சிநேகிதி ஒருத்தியின் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை கிடைத்தது. முப்பத்தெட்டு வருஷம் கம்பளி போர்த்திக்கொண்டு படுத்தவளுக்கு அந்த வெக்கையில் தூக்கம் வரவில்லை. ஓசூருக்கு வரச்சொல்லி சாரா போனில் அழுதாள். இரண்டு அறைக்குள் எந்த மூலையில் படுப்பது என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

மறுவருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில் விடுதி திறந்தார்கள். ஒன்றிலிருந்து நாலு வரை விடுதி, அஞ்சிலிருந்து ஏழு வரை குடும்பங்கள். இடிக்க வேண்டும் என்று ஆஷ்லின் பட்டியல் போட்ட ஷீட் அறைகள் ஒன்றுவிடாமல் நிற்கின்றன, சட்டப்படி யாரும் தொட முடியாது. வந்து தங்குகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்க மூங்கில் தட்டி வைத்து மறைத்திருக்கிறார்கள். தட்டிக்கு அந்தப்பக்கம் அமுதவல்லி சீரியல் பார்க்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

நாலாம் நம்பரின் அடுப்படிக்கு மார்கரெட் கிச்சன் என்று பேர் வைத்தார்கள். விறகடுப்பில் சமைக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று சேகரே குப்பனூருக்கு ஆளனுப்பினார். அந்த அடுப்பு எந்த விறகுக்கு எப்படி எரியும் என்று அவளை விட்டால் யாருக்குத் தெரியும்? ஜெயமேரி போய்ச் சேர்ந்தாள். கூலிக்காகப் போனாள் என்று ஊரில் பேசினார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் இன்னொருத்தி வந்து அந்த அடுப்பைக் கரியாக்குவாள் என்று நினைத்தபோது அவளால் குப்பனூரில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் ஏறி, சாயங்கால பஸ்ஸில் இறங்குகிறாள்.

அவள் கொத்திய பள்ளத்தைப் பூசி மறைக்க வேண்டாம் என்று ஆஷ்லின் சொல்லிவிட்டாளாம். பழைய காரை உள்ளே எப்படி இருக்கிறது என்று வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று, அதன்மேல் ஒரு கண்ணாடியைப் பதித்து, சின்ன விளக்கு ஒன்றும் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் பித்தளைத் தகடு. நூற்றிருபது ஆண்டுப் பழமையான சுண்ணாம்பு, மார்கரெட் அம்மையார் கிறிஸ்துமஸ் கேக் சுட்ட அடுப்படி என்று இரண்டு மொழியில் எழுதியிருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் நாலு விரற்கடை தள்ளி ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது.

போன மாதம் விடுதியில் தங்க வந்த ஒரு அம்மாள், வாசலில் சேகர் நின்று பேசிக்கொண்டிருந்த நேரம், அடுப்படிக்குள் வந்து சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள். எவ்வளவு நேர்த்தி, அந்தக் காலத்து வெள்ளைக்காரன் வேலையே வேலை என்றாள். ஜெயமேரி ஆப்பச்சட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

“இது எங்க ஊட்டுக்காரரு கட்டுனதுங்க. தொண்ணூத்தேழுல.”

அந்த அம்மாள் திரும்பி வாசலில் நின்ற சேகரைப் பார்த்தாள். சேகர் தகட்டைக் கைகாட்டினார். குரலைத் தாழ்த்தி, நல்ல சமையல்காரம்மா, நொம்ப வருஷம் இதே வீட்டில் இருந்தவர், வயசாகிவிட்டதில்லையா, சிலசமயம் இப்படிக் குழப்பிக்கொள்வார் என்றார். அந்த அம்மாள் ஐயோ பாவம் என்றாள். பிறகு ஜெயமேரியை மார்கரெட் தகட்டுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

ஜெயமேரி நின்றாள். இரண்டாவது ஆப்பம் கருகிவிட்டது, எடுத்துப் போட்டுவிட்டு வேறு ஊற்றினாள்.

எண்ணெய்ப் பிசுக்குப் பட்டு அந்தக் கண்ணாடி நாலு நாளில் மங்கிவிடும் என்று சேகர் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறார். அதனால் காலையில் வந்ததும் அடுப்புப் பற்றவைக்கிறதற்கு முன்னால், ஜெயமேரி ஈரத்துணியை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு அதைத் துடைக்கிறாள்.

அடுப்புக்கு ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் புகை ஒரு பொட்டு உள்ளே நிற்பதில்லை.